வலதுபக்கக் குழாய்

துணி தானாக அழுக்காவதில்லை. அழுக்காகிவிட்டது என்று வீட்டில் யாராவது ஒருவர் முடிவு செய்கிறார். கையால் துவைக்கிற வீட்டில் அந்த முடிவுக்கு வர ஒரு வாரம் ஆகும். மிஷின் இருக்கிற வீட்டில் சட்டையைக் கழற்றும்போதே வந்துவிடும். இந்த உண்மையை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த ஒரு பிளாஸ்டிக் ட்ரம்மிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கம்பெனியில் நடந்த தண்ணீர் சிக்கன வாசகப் போட்டியில் ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியிருந்தேன். (கலந்துகொண்ட எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள் என்பதை வீட்டில் சொல்லவில்லை.) அன்று முதல் ஊருக்கே தண்ணீரைப் பற்றிப் புத்தி சொல்லும் தகுதி வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. பல் தேய்க்கும்போது குழாயை மூடும்படி அப்பாவுக்குச் சொன்னேன். அரிசி கழுவிய தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றும்படி அம்மாவுக்குச் சொன்னேன். அதை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா செய்துகொண்டிருக்கிறாள். ஆனாலும் புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மிஷின் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் அழுக்குத் துணிக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதி அம்மா. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். "இன்னும் ஒரு நாளைக்குத் தாங்கும்" என்று திருப்பி முகத்தில் எறிவாள். மேல்முறையீடு கிடையாது. பேண்ட் என்றால் வாரம் முழுக்க ஓடவேண்டும். துண்டு வெயிலில் காய்ந்துவிட்டாலே சுத்தமானதாகக் கணக்கு. துவைக்கிறவளே அழுக்கா இல்லையா என்று முடிவும் செய்ததால் வழக்குகள் குறைவாக இருந்தன. மொட்டைமாடித் தொட்டிக்குக் காலையில் ஒரு தடவை மோட்டார் போட்டால் அன்றைய பாடு முடிந்துவிடும்.

பிறகு அம்மாவுக்கு மணிக்கட்டில் வலி வந்தது. துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானே முன்நின்று மிஷின் வாங்கிப் போட்டேன். அத்தோடு அம்மா நீதிபதி வேலையை விட்டுவிட்டாள். இனிமேல் முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

தாலுகா ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகியிருந்த அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறினார். நடக்கப் போக ஒரு செட், பேப்பர் படிக்க ஒரு செட், சாயங்காலம் கேட்டருகே நிற்க ஒரு செட். நான் எந்த டி-ஷர்ட் நன்றாக இருக்கிறது என்று கண்ணாடி முன் போட்டுப் பார்ப்பேன். பிடிக்காதது நேராக மிஷினுக்குப் போகும். அம்மாவோ திரைச்சீலை, மிதியடி, மளிகைப் பை என்று வீட்டில் நூலால் செய்த எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மிஷினுக்குப் போட்டிருந்த உறையையும் கழற்றி மிஷினுக்குள்ளேயே போட்டாள். ஒரு தடவை ஓடிய மோட்டார் காலை, மதியம், மாலை என்று ஓட ஆரம்பித்தது. போர் தண்ணீர் லேசாகக் கரித்தது. எதிர்வீட்டு சார், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார்.

டிபன் பாக்ஸ் வாங்கியவன் சும்மா இருக்க முடியுமா? மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பெரிய ட்ரம்மைச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தேன். அங்கிருந்து சுவரில் ஓட்டை போட்டுப் பின்பக்கத்துக் குளியலறைக்குள் ஒரு பைப்பை இழுத்தேன். குளிப்பதற்கும் கழிவறைக்கும் அது ஒரே அறை. ஏற்கெனவே இருந்த குழாய் இடதுபக்கம். அதில் மாடித் தொட்டித் தண்ணீர் வரும். புதுக் குழாய் வலதுபக்கம். துணி அலசிய தண்ணீர் அதில் வரும். கழிவறையில் ஊற்ற, தரை கழுவ அது போதும். பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்று பழைய குழாயையும் கழற்றிவிட்டு இரண்டுக்கும் ஒரே கடையில் ஒரே சாம்பல் நிறக் குழாய் வாங்கி மாட்டினேன். எது எது என்று எழுதி ஒட்டவில்லை. வீட்டில் இருப்பதே மூன்று பேர், யாருக்காக எழுதுவது என்று கேட்டேன். (என்னிடமேதான் கேட்டேன். பதிலும் நானே சொல்லிக்கொண்டேன்.)

இதனால் தண்ணீர்ச் செலவு குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் துவைப்பது இன்னும் கூடியது. தண்ணீர் வீணாகப் போகவில்லையே, ட்ரம்முக்குத்தானே போகிறது என்பது அம்மாவின் கட்சி. முன்பெல்லாம் மிஷின் போடும்போது இருந்த கொஞ்சநஞ்சக் குற்ற உணர்ச்சியையும் நான் பைப் போட்டுத் துடைத்துவிட்டிருந்தேன். ஒருநாள் காலையில் வலதுபக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ட்ரம் காலி. அப்பா கழிவறை வாசலில் நின்று அவசரப்பட்டார். அம்மா சற்றும் யோசிக்காமல் பீரோவைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த போர்வைகளை எடுத்து வந்து மிஷினில் போட்டாள். கழிவறைத் தண்ணீருக்காகச் சுத்தமான போர்வையைத் துவைத்த குடும்பம் எங்களுடையது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ட்ரம்மை இன்னும் பெரிதாக வாங்கியிருக்கலாமோ என்றுதான் தோன்றியது.

இந்த நிலையில்தான் சிதம்பரத்தில் தேன்மொழியைப் பார்க்கப் போனோம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் அப்பா பெயர் தில்லைநாயகம். தெற்கு வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். பெண்ணும் பையனும் கொஞ்சம் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். என்ன படித்தீர்கள், என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்கத் தயாராகப் போயிருந்தேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்க வீட்ல துணி யார் துவைப்பாங்க?"

விருத்தாசலம் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவைப் பற்றி அவளே சொன்னாள். கூட்டுக் குடும்பம். எல்லார் துணியும் அக்கா தலையில். தாய்வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைக்கும்போது விரலெல்லாம் எரிகிறது என்று ஸ்பூன் கேட்பாளாம். அக்காவின் கையைப் பார்த்ததிலிருந்து வருகிற மாப்பிள்ளைகளிடமெல்லாம் இதைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. இதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதும் பொய் வந்தது.

"நான்தான் துவைப்பேன்" என்றேன். அம்மாவின் கையில் இட்லி மாவு ஒட்டியிருந்த ஒருநாள் மிஷினில் ஒரு பட்டனை அமுக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாது என்று தொடங்கி ட்ரம், பைப், செங்கல் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "சரி. அப்பா வந்து பார்ப்பாரு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். சம்மதம் என்றால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சம்மதம் இல்லையென்றாலோ இன்னும் யோசனை என்றாலோ கை நனைக்க மாட்டார்கள். என்ன உபசாரம் செய்தாலும் தண்ணீரோ காபியோ குடித்துவிட்டு, போய் போன் பண்ணுகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். அந்தப் போன் பெரும்பாலும் வராது. அதனால் அன்றைக்கு இலை போட்டு அவர்கள் கை அதில் படுகிறதா என்பதுதான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அம்மா வடை பாயசத்தோடு சமையலுக்குத் திட்டம் போட்டாள். அதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யத் திட்டம் போட்டாள். சுத்தம் என்றால் எங்கள் வீட்டில் அப்போது ஒரே அர்த்தம்தான்.

வெள்ளிக்கிழமையே மிஷின் ஓட ஆரம்பித்தது. சோபா உறை, தலையணை உறை, மெத்தை விரிப்பு, கொசுவலை, சாமி படத்துக்கடியில் விரித்த துணி எல்லாம் போயின. பின்பக்கக் கொடி நிறைந்தது. மாடிக் கொடியும் நிறைந்தது. வாசலில் தென்னை மரத்துக்கும் கேட்டுக்கும் இடையே புதிதாக ஒரு கயிறு கட்டி அதிலும் காயப்போட்டோம். ஞாயிறு விடிந்ததும் அப்பா தன் வேட்டி சட்டைகளைத் துவைத்து, கடைசி அலசலில் சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றினார். சம்பந்தி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒரு மூடிக்குப் பதில் பாதி பாட்டில். அவர் ஊற்றியது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா அடுத்த ஓட்டத்தில் வெள்ளை விரிப்புகளைப் போட்டு மீதிப் பாட்டிலைக் கவிழ்த்தாள். அதோடு வாசனைத் திரவமும் ஊற்றினாள். இரண்டு தண்ணீரும் ஒழுங்காக என் ட்ரம்முக்குப் போய்ச் சேர்ந்தன. என் பைப் வேலையில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. உள்ளே காயில் கம்பி எரிந்த வாடை வந்தது. மூன்று நாளாக ஓய்வில்லாமல் ஓடினால் வேறு என்ன செய்யும்? மெக்கானிக்குக்குப் போன் செய்தால், அவர் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னார். மாடியில் ஏறித் தொட்டியைப் பார்த்தேன். முழங்கால் அளவு இருந்தது. வருகிறவர்கள் கால்தான் கழுவப் போகிறார்கள், தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்கினேன். நான் படி இறங்குவதற்குள் மிஷின் மறுபடியும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே மிதியடிகள். இதுதான் கடைசி, சத்தியமாக என்றாள் அம்மா. தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் மிஞ்சியிருந்தால் அதிகம்.

தில்லைநாயகம் தன் மனைவியின் தம்பி கலியபெருமாளோடு பஸ்ஸில் வந்து ஆட்டோவில் இறங்கினார். முதல்முறை பார்த்தபோதே கவனித்திருந்தேன், அவருக்குத் தலைமுடி என்றால் ஒரு பெருமை. ஒரு கறுப்பு இழைகூட இல்லாத வெள்ளை முடி, அதே வெள்ளையில் அடர்ந்த மீசை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு இருக்கும். கலியபெருமாளுக்குப் பசி என்பது முகத்திலேயே தெரிந்தது. சமையல்கட்டுப் பக்கமிருந்து வந்த வடை வாசனைக்கு அவர் மூக்கு கேட்டிலேயே திரும்பிவிட்டது.

வாசல் கயிற்றில் அப்பாவின் வேட்டிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் மேல் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தில்லைநாயகம் கயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, நல்ல வெளுப்பு என்று பாராட்டினார். பாராட்டி முடிப்பதற்குள் மேலே இருந்த ஒரு காக்காய் அவர் உச்சந்தலையில் எச்சமிட்டது.

எல்லாரும் அப்படியே நின்றோம். பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர் தலையில் வாசற்படி ஏறுவதற்கு முன் காக்கா எச்சம். சகுனம் பார்க்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் முகம் இறுகிவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றார். அப்போதே இன்னொன்றும் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு நாங்க கை நனைக்கறதா இல்ல. வீட்டைப் பாத்துட்டுக் கெளம்பறோம்."

கலியபெருமாள் வாய் திறந்தார், மூடிக்கொண்டார். தேன்மொழி போய்விட்டாள் என்று தோன்றியது. அம்மா பதறிப்போய் ஷாம்பு, துண்டு, அப்பாவின் புது வேட்டி எல்லாவற்றையும் கொடுத்து அவரைப் பின்பக்கத்துக் குளியலறைக்கு அனுப்பினாள். கதவுத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் எனக்குக் குழாய் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "இடதுபக்கக் குழாய் மாமா" என்றேன்.

"வருது, வருது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. உண்மைதான். அப்போது வந்துகொண்டுதான் இருந்தது. நான் நிம்மதியாக ஹாலுக்குத் திரும்பிவிட்டேன். அவர் தலையை நனைத்து ஷாம்பு போட்டு நுரையாகத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வாளியைத் தடவியபோது இடதுபக்கம் நின்றுபோயிருக்கிறது. கண் எரிகிற மனிதர் என்ன செய்வார்? கைக்கு எட்டிய இன்னொரு குழாயைத் திறந்திருக்கிறார். அது கொட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தண்ணி நல்லா வாசனையா இருக்குது தம்பி."

ஷாம்புவைச் சொல்கிறார் என்று நினைத்து, ஆமாம் மாமா என்றேன்.

அவர் ஹாலுக்கு வந்தபோது நான் முதலில் வேட்டியைத்தான் பார்த்தேன். பிறகு தலையைப் பார்த்தேன். முடி முழுக்க மழை விட்ட வானத்தின் நீலம். மீசை அதைவிட ஒரு படி ஜாஸ்தி, ஏனென்றால் தண்ணீர் அங்கே கொஞ்ச நேரம் தங்கியிருக்கிறது. அந்தக் குளியலறையில் கண்ணாடி இல்லை. ஆகவே அவருக்கு ஒன்றும் தெரியாது. குளித்த தெம்பில் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, அந்த நீல முடியை நிதானமாக வகிடெடுத்துச் சீவிக்கொண்டார்.

இதை அவரிடம் யார் சொல்வது, எப்படித் தொடங்குவது? கலியபெருமாள் "மாமா..." என்று ஆரம்பித்தார். தில்லைநாயகம் திரும்பிப் பார்த்ததும், ஒண்ணுமில்ல என்று தரையைப் பார்த்தார். அப்பா சட்டென்று எழுந்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். வெயில் ஜாஸ்தி என்று காரணம் சொன்னார். டியூப்லைட்டையும் அணைத்தார். அந்த அரை இருட்டிலும் மீசை தெரிந்தது.

வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவரே எழுந்தார். பாத்திரக்கடைக்காரர் அல்லவா, வழியில் இருந்த வாளி, குடம் எல்லாவற்றையும் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பின்பக்கம் வந்து என் ட்ரம்மையும் தட்டினார். எத்தனை குடம் பிடிக்கும் என்று கேட்டார். நான் அவருக்கும் ட்ரம்முக்கும் நடுவில் நின்று மறைத்துக்கொண்டேன். பிறகு மிஷினைப் பார்த்ததும் போனை எடுத்தார். இதைத்தான் பொண்ணு பார்க்கணும்னு சொன்னது என்று சொல்லிவிட்டு வீடியோ காலில் தேன்மொழியைக் கூப்பிட்டார். போனின் பின்பக்கக் கேமராவில் மிஷின் மட்டும்தான் தெரிந்தது. அந்த அளவுக்குக் கடவுள் இருந்தார்.

அவள் குரல் கேட்டது. "அவுங்கதானே துவைப்பாங்க. போட்டுக் காட்டச் சொல்லுங்கப்பா."

நான் மிஷின் முன்னால் நின்றேன். எத்தனை பட்டன்கள். தினமும் துவைக்கிறவன் பவர் பட்டன் எங்கே என்று தேடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் தடவிக் கொடுத்தேன். பின்னாலிருந்து அம்மா உதடு அசையாமல், "கீழ ஓரத்துல இருக்குதுடா" என்றாள். அமுக்கினேன். மிஷின் தண்ணீரைத் தேடியது. தொட்டியில் ஏது தண்ணீர்? பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் ஒவ்வொரு பட்டனாக அமுக்க, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பீப் சேர்ந்துகொண்டது. அம்மா வந்து ஒரே அமுக்கில் நிறுத்தினாள்.

இந்தச் சத்தத்தில் தில்லைநாயகம் போனைக் கீழே விடப்போய்ப் பிடித்தார். விரல் எதன் மேலோ பட்டு, கேமரா அவர் முகத்துக்குத் திரும்பிவிட்டது.

"அப்பா, தலையில இன்னாப்பா?"

"காக்கா எச்சம் போட்டுடுச்சிம்மா. குளிச்சிட்டேன்."

"காக்கா நீலக் கலர்லயா போடும்?"

அவர் போனைக் கிட்டே கொண்டுபோய்த் தன் முகத்தைப் பார்த்தார். தள்ளிவைத்துப் பார்த்தார். மீசையைத் தொட்டு, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, அது இன்னா தண்ணி?"

எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் அந்த நேரத்தில் வாசகப் போட்டித் தமிழ்தான். மறுசுழற்சி, நீர் மேலாண்மை, வருங்காலச் சந்ததி என்று ஆரம்பித்தேன். துணி அலசின தண்ணீர் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாதான் குறுக்கே வந்து, கொஞ்சம் நீலம் ஊத்தினேன், பாதி பாட்டில்தான் என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மீதிப் பாதியை நான் ஊத்தினேனே என்றாள். அந்த வீட்டில் யார் என்ன ஊற்றுகிறார்கள் என்பது முதல்முறையாக, சம்பந்தி முன்னிலையில் எங்களுக்கே தெரியவந்தது.

போனிலிருந்து தேன்மொழி கேட்டாள். "அத்தை, நெஜமாச் சொல்லுங்க. உங்க வீட்ல யார்தான் துணி துவைக்கிறது?"

அம்மாவுக்குப் பொய் வராது. அதிலும் அத்தை என்று கூப்பிட்ட பிறகு எப்படி வரும்?

"மிஷின் துவைக்குதும்மா. போடறது, காயவைக்கிறது, மடிக்கிறது எல்லாம் நான்."

"அவுங்க?"

"அவன் தண்ணியைப் பத்திப் பேசுவான்."

அதற்குமேல் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ட்ரம்முக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அவமானத்தைவிட, அவளை இழந்துவிட்டேன் என்பதுதான் பெரிதாக இருந்தது. போனிலிருந்து சிரிப்பு கேட்டது. அடக்கிப் பார்த்து முடியாமல் வருகிற சிரிப்பு. தன் அப்பாவின் மீசையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, சாப்ட்டுட்டு வாங்க."

தில்லைநாயகம் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "யோசிச்சித்தான் சொல்றியாம்மா?"

"யோசிச்சித்தான். அந்த வீட்ல எதையும் மறைக்க முடியாது போலருக்கு. ஆனா துணி துவைக்கறது அவுங்கதான்னு சொன்னாங்க இல்ல, அது அப்படியே இருக்கட்டும். இன்னைலேர்ந்து கத்துக்கச் சொல்லுங்க."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் சீப்போடு சேர்த்து வைத்தார். முகத்தில் கோபம்தான் இருந்தது, ஆனால் நீல மீசைக்கடியில் கோபம் நிற்கவில்லை.

"தலையையே நனைச்சாச்சி. இனிமே கையில இன்னா இருக்குது. எலையைப் போடுங்க."

கலியபெருமாள் அதற்கு முன்பே கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கை கழுவத்தான் தண்ணீர் இல்லை. குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை நான் சொம்பில் பிடித்து ஊற்றினேன். ஊற்றும்போது தில்லைநாயகம் உள்ளங்கையை விரித்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழுவினார்.

சிதம்பரத்துக்குத் திரும்பும்போது தலையில் எங்கள் வீட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே தேன்மொழியின் அம்மா இரண்டு தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறார். அப்போதுதான் இன்னொன்று நடந்தது. நீலம் போனது. கூடவே, வயதில் ஏறியிருந்த ஒரு மஞ்சளும் போய்விட்டது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் தலை என்னமாய் வெளுத்திருக்கிறது, என்ன ஷாம்பு போடுகிறீர்கள் என்று கேட்டார்களாம். அவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். முதல் மாதம் தேன்மொழியின் பள்ளிக்கூடப் புடவைகளில் ஒன்றை அப்பாவின் வேட்டிகளோடு போட்டு அவரை ரோஸ் கலரில் நடக்க அனுப்பினேன். பிறகு பழகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவைதான் மிஷின். யாராவது துணியைக் கொண்டுவந்து போட்டால் எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். இன்னும் ஒரு நாளைக்குத் தாங்கும் என்று திருப்பி எறிகிறேன். காயப்போட்டு எடுத்து மடிக்கிறவனுக்குத்தான் தெரியும், உலகத்தில் முக்கால்வாசித் துணி அழுக்கே இல்லை என்று. டிபன் பாக்ஸ் வாங்கித் தராத சிக்கனத்தைத் துணி மூட்டை வாங்கித் தந்தது. மோட்டார் பழையபடி காலையில் ஒரு தடவை ஓடுகிறது. ட்ரம் தண்ணீர் தென்னை மரத்துக்குப் போகிறது. வலதுபக்கக் குழாய்க்கும் மாடித் தொட்டியிலிருந்தே இணைப்புக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் சொந்தத்தில் யாரும் மறக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால், எனக்கு முன்னால் நிற்கிறவர் யாராக இருந்தாலும் திரும்பி, இடதா வலதா என்று கேட்பார். கலியபெருமாள் மாமா ஹோட்டலிலேயே கேட்பார், சர்வருக்கு ஒன்றும் புரியாது.

போன மாதம் மாமனார் வந்திருந்தார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள்ளேயிருந்து வழக்கம்போலக் கேள்வி வந்தது.

"மாப்ள, இடதா வலதா?"

"ரெண்டுலயும் நல்ல தண்ணிதான் மாமா. தைரியமாக் குளிங்க."

தாழ்ப்பாள் விலகி, கதவு லேசாகத் திறந்தது. மாமனார் தலையை மட்டும் வெளியே நீட்டி, அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் வியாபாரிங்க சங்கக் கூட்டம். போட்டோ எல்லாம் எடுப்பாங்க. அந்தத் தண்ணி ஒரு சொம்பு கிடைக்குமா?"